தேய்த்தால் பளபளக்குமா?

நல்ல வெயில் நேரத்தில் உங்கள் காரின் பானெட் பக்கம் போய் நில்லுங்கள். சூரியன் அதில் பளீரென்று தெரியும் இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்த்தியான நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. (அதாவது, இன்னும் மோசம்!) சூரியனைச் சுற்றி வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போல் மெல்லிய கீறல்கள் தெரிகின்றனவா?

அந்த வலையைப் பின்னியது யார்? கிரிக்கெட் ஆடிய எதிர்வீட்டுப் பையன் இல்லை. ராத்திரி பானெட் மேல் ஏறிப் படுத்த பூனையும் இல்லை. தினமும் காலையில் ஒரு துணியை எடுத்து அந்தக் காரைச் 'சுத்தம்' செய்த கைதான்!

'என்னய்யா இது, துடைத்தால் தப்பா?' என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் தப்பே இல்லை. தேய்க்கத் தேய்க்கக் கார் பளபளத்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. சுமார் ஐம்பது வருடம் நீடித்த காலம். அப்புறம் காரின் தோல் மாறிவிட்டது. நம் கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை. எப்படி மாறியது, ஏன் மாறியது என்பது சுவாரஸ்யமான கதை. குதிரை வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

*

முதல் கார்களைச் செய்தவர்கள் யார்? எஞ்சினை இன்ஜினீயர்கள் செய்தார்கள், சரி. மேலே உள்ள கூண்டை? குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த தச்சர்களும் பெயிண்டர்களும்தான். சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1840ல் ஆரம்பித்த சிம்ப்ஸன் கம்பெனி, பெரிய மனிதர்களுக்குக் கோச்சு வண்டி கட்டித் தந்த கம்பெனி. அங்கேதான் 1903ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். வண்டி கட்டிய அதே கைகள்தான் கார் கட்டப் போயின.

அதனால் ஆரம்ப காலக் கார்களுக்குப் பூசியதும் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷ்தான். எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷ். ஒரு கோட் அடிப்பார்கள். காய வைப்பார்கள். வழவழவென்று தேய்ப்பார்கள். மறுபடி ஒரு கோட். இப்படிப் பல கோட். ஒரு வண்டி பெயிண்ட் முடிந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். பார்க்க என்னவோ ராஜ களையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வார்னிஷ் மகா தொட்டாற்சுருங்கி. வெயில் பட்டால் மஞ்சளாகும். சேறு காய்ந்து ஒட்டினால் கறை விழும். குதிரை லாயத்தின் அம்மோனியா நெடி பட்டாலே மங்கிவிடும்.

எனவே அந்தக் கால வண்டிக்காரர்களுக்குச் சில கட்டளைகள் இருந்தன. வெயிலில் கழுவாதே. சேற்றைக் காயவிடாதே. காய்ந்துவிட்டால் சுரண்டாதே, நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து ஓடவிடு. மேலே துடைத்த ஸ்பாஞ்சால் சக்கரத்தைத் தொடாதே. கடைசியில் ஷாமி தோலால் ஈரத்தை ஒற்றி எடு.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றி முப்பது, நாற்பது வருடம் கழித்து மறுபடி நமக்குத் தேவைப்படப் போகிறது!

ஷாமி என்றதும் ஒரு கிளைக்கதை. ஐரோப்பிய மலைகளில் இருக்கும் ஷாமுவா என்கிற ஒரு வகை மலையாட்டின் தோல் அது. பின்னால் செம்மறி ஆட்டுத் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்தி அதே பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். இன்று கடையில் ஷாமி என்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்பது பெரும்பாலும் ஆட்டைக் கண்ணாலேயே பார்க்காத செயற்கைச் சரக்கு.

இந்த வேலையையெல்லாம் செய்தது கார் முதலாளி இல்லை. அவருக்கு ஆள் இருந்தது. குதிரையைக் குளிப்பாட்டியவன், வண்டியையும் குளிப்பாட்டினான். அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஷோஃபர். அது பிரெஞ்சு வார்த்தை. 'அடுப்பில் கரி போடுகிறவர்' என்று அர்த்தம். நீராவிக் கார்களின் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்.

*

1908ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1913ல் அவர் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தார். ஒரு காரின் சேஸிஸைக் கோக்க முன்பு பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. எல்லாம் ஜோர். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் தயாராகும் காருக்கு வாரக்கணக்கில் பெயிண்ட் காயவைத்தால் என்ன ஆகும்? காய்கிற கார்களை நிறுத்தவே ஏக்கர் கணக்கில் கொட்டகை போட வேண்டும்!

ஃபோர்டு தடாலடியாக ஒரு முடிவெடுத்தார். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்தது. மலிவு, உறுதி, அடுப்பில் வைத்துச் சுட்டுக் காயவைக்க முடிகிற கறுப்பு எனாமல். வாடிக்கையாளருக்கு வேறு நிறம் பிடிக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் வேறு மாதிரி யோசித்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங். காரின் செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தந்த ஆசாமி. பெயிண்ட் தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டு, 'சீக்கிரம் காயும் பெயிண்ட் வேண்டும், எவ்வளவு நேரத்தில் முடியும்?' என்று கேட்டார். அவர்கள் தலையைச் சொறிந்தார்கள். வாரக்கணக்கை நாள்கணக்காக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். 'எனக்கு ஒரு மணி நேரத்தில் வேண்டும்' என்றார் கெட்டரிங். அவர்கள் சிரித்திருப்பார்கள்.

விடை பெயிண்ட்காரர்களிடமிருந்து வரவில்லை. வெடிமருந்துக்காரர்களிடமிருந்து வந்தது!

டூபாண்ட் கம்பெனி 1802ல் துப்பாக்கி மருந்து செய்ய ஆரம்பிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்தை மலை மலையாகத் தயாரித்தது. 1918ல் போர் முடிந்துவிட்டது. இனி அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சினிமா ஃபிலிம் செய்யலாமே என்று நியூஜெர்ஸியில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1920ல் அங்கே தற்செயலாக ஒன்றைக் கவனித்தார்கள். கூழ் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் நீர்த்துப் போயிருந்தது. கெட்டியாக இருந்தவரை அதில் நிறம் கலந்து பீய்ச்சி அடிக்க வழியில்லை. நீர்த்துவிட்டால்? நிறைய நிறப்பொடி கலக்கலாம். ஸ்ப்ரே துப்பாக்கியில் ஊற்றி அடிக்கலாம். சட்டென்று காயும்!

அப்படிப் பிறந்ததுதான் டூகோ. 1923ல் 'ட்ரூ புளூ' என்ற நீல நிறத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லேண்ட் கார் இந்தப் பூச்சுடன் வெளிவந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. கெட்டரிங் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இன்னமும் நம்பாத ஒரு பெயிண்ட்காரரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர், 'என் காரைக் காணோம்!' என்று தேடினாராம். கார் அங்கேயேதான் நின்றது, வேறு நிறத்தில்!

விளைவு? தெருவெல்லாம் வண்ணம். 1927ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறத்துக்கும் உருவத்துக்கும் என்றே ஹார்லி எர்ல் தலைமையில் தனி இலாகா ஆரம்பித்தது. அதே வருடம் ஃபோர்டு ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற மாடல் டியை நிறுத்தினார். அதற்கு நிறம் மட்டும் காரணமில்லை. ஆனால் நிறமும் ஒரு காரணம்.

டூகோ எவ்வளவு தூரம் பயணம் செய்தது தெரியுமா? இன்றும் நம் ஊர் பீரோ கடையில், 'டூகோ பெயிண்ட் அடிச்சுத் தரவா சார்?' என்று கேட்கிறார்கள் இல்லையா? நூறு வருடத்துக்கு முந்தைய அந்த டூகோவின் பெயர்தான் அது!

*

இங்கேதான் நம் கதையின் முக்கியமான திருப்பம்.

டூகோவுக்கு ஒரு குறை இருந்தது. அடித்தவுடன் அது பளபளக்காது. மங்கலாக இருக்கும். தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பை வெளியே கொண்டுவர வேண்டும். அதுவும் நிரந்தரமில்லை. வெயிலில் நிற்கும் காரின் மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுக்கும். அந்த வெளுத்த படலத்தைத் தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம் பளிச்சென்று தெரியும். துணியைப் பார்த்தால் அதில் காரின் நிறம் ஒட்டியிருக்கும். சிவப்புக் கார் என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை.

ஆக, 'தேய்த்தால் பளபளக்கும்' என்பது அன்றைக்குச் சத்தியமான வார்த்தை. தேய்ப்பது என்பது பெயிண்ட்டின் செத்த தோலை உரித்து எடுப்பது. பூச்சு கனமாக இருந்ததால் கட்டுப்படியானது.

இதற்குள் கார், முதலாளிகளிடமிருந்து சாதாரண மனிதர்களின் கைக்கு வந்துவிட்டது. அவர்களிடம் ஷோஃபர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருந்தது! சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே இறங்கினார். அவரை நம்பி ஒரு புதுத் தொழிலே உருவானது.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஃபிராங்க் மெகயர் என்பவர் 1901லேயே மர ஃபர்னிச்சருக்குப் பாலிஷ் செய்துகொண்டிருந்தார். அன்றைய காரின் உடம்பும் மரம், பூச்சும் வார்னிஷ். எனவே நாற்காலிக்குப் போட்ட பாலிஷ் காருக்கும் போனது. மெகயர்ஸ் என்று இன்று கார் அக்சஸரீஸ் கடைகளில் பார்க்கிற பெயர் அதுதான். 1910ல் சிகாகோவில் ஜார்ஜ் சைமன்ஸ் ஒரு பாலிஷ் கொண்டுவந்தார். சைமனிஸ். அது எவ்வளவு பிரபலமானதென்றால், 'பாலிஷ் போடு' என்பதற்கு 'சைமனைஸ்' என்கிற வினைச்சொல்லே ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. நாம் ஜெராக்ஸ் எடுக்கிறோமே, அந்த மாதிரி.

நாற்பதுகளில் அதே சிகாகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் வீட்டுக் குளியல் தொட்டியில் பாலிஷ் கலக்கிப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். அவருடைய வியாபார தந்திரம் அபாரம். தெருவில் நிற்கிற கார் ஒன்றின் மட்கார்டை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். சொந்தக்காரர் வந்து பார்த்தால் ஒரு பக்கம் கண்ணாடி, மறு பக்கம் கரிச்சட்டி! பாட்டில் வாங்காமல் என்ன செய்வார்? டர்ட்டில் வாக்ஸ் வளர்ந்த கதை இது.

பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. வாக்ஸ் என்பது மேலே பூசிக் காப்பது. இரண்டும் ஒன்றில்லை. அந்த வாக்ஸ் உலகத்தின் மகாராணி, கார்னோபா மெழுகு. வடகிழக்கு பிரேசிலில் மட்டும் வளரும் ஒரு பனை. நம் பனைமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். கொளுத்தும் வறட்சியில் ஓலையின் ஈரம் ஆவியாகிவிடக் கூடாதே என்று அந்த மரம் ஓலை மேல் தானே ஒரு மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்து உதிர்த்தால் ஓர் ஓலைக்குச் சில கிராம்தான் தேறும். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். வெயிலில் நிற்கும் காருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த மரத்தை நேரில் பார்ப்பதற்காகவே 1935ல் ஜான்ஸன் வாக்ஸ் கம்பெனியின் தலைவர் ஹெர்பர்ட் ஜான்ஸன், நீரிலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி விமானத்தில் அமெரிக்காவின் விஸ்கான்ஸினிலிருந்து பிரேசிலின் ஃபோர்ட்டலெஸா வரை பறந்தார். 1998ல் அவர் மகன் அதே மாதிரி விமானம் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதே வழியில் மறுபடி பறந்தார். பணக்காரர்களின் சாகசம்! ஓலை வெட்டுகிறவர்களின் கதை வேறு. 2017ல் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று அந்தக் காடுகளுக்குப் போய், தொழிலாளர்கள் திறந்த வெளியில் படுத்து, ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்து, அடிமைகள் போல வேலை செய்வதைப் படம் பிடித்துக் காட்டியது. நம் பளபளப்புக்குப் பின்னால் யாரோ ஒருவரின் வெயில் இருக்கிறது.

*

எழுபதுகளின் கடைசியில் காரின் தோல் மாற ஆரம்பித்தது.

மினுமினுக்கும் மெட்டாலிக் நிறங்கள் மேல் மக்களுக்கு ஆசை. அந்த மினுமினுப்புக்குக் காரணம், பெயிண்ட்டில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள். ஆனால் காற்றும் வெயிலும் பட்டால் அலுமினியம் கறுத்து மங்கிவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிறத்தை மெல்லிசாக ஒரு கோட் அடி. அதற்கு மேல் நிறமே இல்லாத, கண்ணாடி மாதிரி ஒரு கோட் அடித்து மூடு. அதுதான் கிளியர்கோட். எண்பதுகளில் உலகமெங்கும் பரவியது. நம் ஊரிலும் மெட்டாலிக் கார்கள் பெருகியபோது கூடவே வந்து சேர்ந்தது.

இன்று நீங்கள் பார்க்கும் பளபளப்பு நிறத்துடையது இல்லை. நிறத்துக்கு மேல் இருக்கும் அந்தக் கண்ணாடித் தோலுடையது. அதன் கனம் எவ்வளவு? சுமார் 40 அல்லது 50 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அதாவது, பல லட்ச ரூபாய்க் காரின் முகத்தைக் காப்பது ஒரு முடியைவிட மெல்லிய படலம்!

வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது. அது தேய்ந்து போனால் திரும்ப வளராது. 'சார், ரப்பிங் போட்டு விட்டா புதுசு மாதிரி ஆயிடும்' என்று டிங்கரிங் கடையில் சொல்கிறார்களே, ஆகும்தான். கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள இடத்தையும் சீவி எடுத்துவிட்டால் கீறல் எங்கே தெரியும்? ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போய்விடும். பாங்க்கில் போட்ட முதலிலிருந்து எடுத்துச் செலவு செய்வது மாதிரி. வட்டி கிடையாது. நாலைந்து முறை பலமாக ரப்பிங் போட்ட காரில், கூரையும் பானெட்டும் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தட்டி நிற்பதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். முதல் தீர்ந்துபோன கணக்கு அது.

இப்போது காலைத் துடைப்புக்கு வருவோம். தெருத் தூசியில் என்ன இருக்கிறது? பொடி மணல். மணல் என்றால் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. கண்ணாடிக்கே ஐந்தரைதான்! அந்த மணலின் மேல் உலர்ந்த துணியைப் போட்டு வட்டமாகத் தேய்த்தால் அந்தத் துணிக்கு என்ன பெயர்? உப்புத்தாள்!

'உங்கள் கார் பழைய வகைப் பூச்சா, புது வகையா?' என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. மறைவான ஓர் இடத்தில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் பழைய வகை. அழுக்கு மட்டும் வந்தால் மேலே கிளியர்கோட் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

*

காரின் தோல் மாறியதும் துடைக்கும் சாமான்களும் மாற வேண்டியிருந்தது. இதில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு. 1970ல் டோரே கம்பெனியின் விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ, முடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய இழைகளைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். செயற்கை மான்தோல் துணிக்காகச் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் மைக்ரோஃபைபர் துணி. அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் தூசியை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கின்றன. பெயிண்ட் மேல் உருட்டிக்கொண்டே போவதில்லை. (துணி துவைக்கும்போது வாசனைக்காகப் போடும் கண்டிஷனரை மட்டும் இதில் ஊற்றிவிடாதீர்கள். இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும்.)

இன்னொரு ஜப்பானியச் சரக்கு, களிமண்! பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வரும் இரும்புத் துகள் பெயிண்ட்டில் குத்தி நிற்கும். கழுவினால் போகாது. கையால் தடவினால் சொரசொரக்கும். குழந்தைகள் விளையாடும் களிமண் போன்ற ஓர் உருண்டையை, வழுக்கும் திரவம் தெளித்து மேலே உருட்டினால் அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ததாவோ கோதாதே என்பவர் 1995ல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்.

ஜெர்மனியில் நடந்தது வேறு மாதிரி. ஐம்பது, அறுபதுகளில் அங்கே சனிக்கிழமை என்றால் தெருவே வாளியும் ஸ்பாஞ்சுமாக இருக்கும். காரில் வழியும் எண்ணெய்ப் பிசுக்கு நிலத்தடி நீரில் கலக்கிறதே என்று பின்னால் விழித்துக்கொண்டார்கள். இன்று பல ஊர்களில் தெருவில் கார் கழுவினால் அபராதம். 1962ல் ஆக்ஸ்பர்க் நகரத்துக்காரர்கள் இருவர், காரைச் சுற்றிச் சுழலும் பிரஷ் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

நமக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, காலிக் குடத்தோடு லாரிக்கு நின்றோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். கால் மணி நேரம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், காரின் தோலுக்கு நல்லது எதுவோ, அது தண்ணீரையும் மிச்சம் பிடிக்கிறது. இரண்டு வாளி போதும்.

*

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு, நூற்றாண்டு அனுபவத்தின் சாரம் இதோ.

நிழலில் நிறுத்துங்கள். பானெட்டைத் தொட்டால் சுடக்கூடாது. முதலில் தண்ணீரை மட்டும் தெளித்து மணலை இறக்குங்கள். செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப்பு இதற்கு அருமை. பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பூவில் துணியை நனைத்து ஒரு பாகத்தைத் துடைத்தவுடன், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். மணல் இரண்டாவது வாளியின் அடியில் தங்கிவிடும். இந்த இரண்டாவது வாளிதான் மொத்த வித்தையும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம். அது பிசுக்கோடு வாக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிடும். மேலிருந்து கீழே வாருங்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், எடை கொடுக்காமல். சக்கரத்துக்குத் தனித் துணி, கடைசியில்.

போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். உப்பு அது. ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் சிலர் கார் கழுவுகிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். சக்கரத்தோடும் முதல் அலசலோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர், உப்பே கிடையாது. பிறகு மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ், மெல்லிசாக. தடிமனாக அப்பினால் பணம்தான் வீண்.

பறவை எச்சத்தையும் ஆயுத பூஜைச் சந்தனத்தையும் காய்ந்த பிறகு சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டால் தானே வந்துவிடும்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வெயிலில் கழுவாதே, சுரண்டாதே, ஊறவை, சக்கரத்துக்குத் தனித் துணி, ஒற்றி எடு. குதிரை வண்டிக்காரரின் கட்டளைகள்! வார்னிஷ் தொட்டாற்சுருங்கி என்று அவருக்குத் தெரியும். அதனால் பயந்து பயந்து தொட்டார். நடுவில் வந்த டூகோ நம்மை முரடர்களாக்கிவிட்டது.

கடைசியாக ஒரு விஷயம். நம்மில் பலர் காரை நாமே கழுவுவதில்லை. அபார்ட்மென்ட்டில் காலை ஐந்து மணிக்கு ஒருவர் வருவார். ஒரே வாளி, ஒரே துணி, பதினைந்து கார். மாதத்துக்குச் சில நூறு ரூபாய். முதல் காரின் மணல் பதினைந்தாவது கார் வரை பயணம் செய்யும். கீறலைப் பார்த்துவிட்டு அவரிடம் சத்தம் போடுவது சுலபம். ஆனால் தினமும் துடைக்கச் சொல்லி, தண்ணீரும் தராமல், 'பளபளன்னு இருக்கணும்' என்று சொன்னது யார்?

அவரிடம், 'தினமும் உலர்ந்த துணியில் துடைக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், நிதானமாகக் கழுவினால் போதும். சம்பளம் அதேதான்' என்று சொல்லிப் பாருங்கள். நான்கு மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் வாங்கிக் கொடுங்கள். அவருக்கு முதுகு வலி குறையும். உங்கள் காருக்கு அந்த 40 மைக்ரான் மிஞ்சும்.